சினிஸ்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். மாலை நேரத்தில் சில மாணவர்களுக்கு மொழிபெயர்ப்புப் பயிற்சியும் தருகிறேன். ஒவ்வொரு குழுவும் ஏதாவது ஒரு நாள் 'சினிஸ்டர்' என்ற சொல்லில் வந்து நிற்கும். அகராதியைப் பார்த்தால் 'தீய', 'கேடான', 'அச்சமூட்டும்' என்று இருக்கும். மூன்றையும் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் ஒட்டாது. இத்தனை நாள் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சினிஸ்டர் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

கெட்ட எண்ணம் ஒன்று உள்ளே ஒளிந்திருக்கிறது, அல்லது கெட்டது ஒன்று வரப்போகிறது என்ற உணர்வைத் தருகிற எதையும் சினிஸ்டர் என்பார்கள். 'ஒளிந்திருக்கிறது' என்பதுதான் இதில் முக்கியம். கெடுதல் நேரில் வந்து நிற்காது, அதன் நிழல் மட்டும் தெரியும்.

இப்படி யோசித்துப் பாருங்கள். இரவு பதினொரு மணிக்குத் தெருவில் ஒருவன் கத்தியை நீட்டி "பர்ஸை எடு" என்கிறான். பயமாகத்தான் இருக்கும், ஆனால் அது சினிஸ்டர் இல்லை. அவனுக்கு என்ன வேண்டும் என்பதை அவனே சொல்லிவிட்டான். இப்போது வேறொரு காட்சி. மூன்று நாளாக உங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு கார் நிற்கிறது. விளக்கு அணைந்திருக்கிறது, ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் திரையை விலக்கிப் பார்த்ததும் அது மெல்ல நகர்ந்து போகிறது. மறுநாள் அதே நேரத்துக்கு மீண்டும் வந்து நிற்கிறது. யாரும் உங்களை எதுவும் சொல்லவில்லை, எதுவும் செய்யவில்லை. அந்தக் கார்தான் சினிஸ்டர்.

'பயங்கரமான' என்று மொழிபெயர்த்தால் தவறா?

பெரும்பாலும் தவறுதான். பயங்கரம் கண்ணுக்குத் தெரிவது. விபத்து பயங்கரமாக இருக்கும், தீ பயங்கரமாக எரியும். போதாததற்கு, பேச்சில் இன்று 'பயங்கரமா இருக்கு' என்பது பாராட்டாகவும் ஆகிவிட்டது. சினிஸ்டரில் சத்தமே இருக்காது. பல நேரம் மேலே இனிப்பு பூசியிருக்கும்.

இந்தக் கருத்து தமிழனுக்குப் புதிதில்லை. உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுவது, பசுத்தோல் போர்த்திய புலி, சிரித்துக்கொண்டே கழுத்தை அறுப்பது என்று எத்தனை வழக்குகள்! கும்பிடுகிற கைக்குள்ளும் பகைவரின் ஆயுதம் ஒளிந்திருக்கும் என்று கூடா நட்பு அதிகாரத்தில் வள்ளுவர் சொல்கிறார். 828ஆம் குறள். அந்தக் கும்பிடு எப்படிப்பட்ட கும்பிடு என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் சொல்லச் சொன்னால் நான் சினிஸ்டர் என்றுதான் சொல்வேன்.

மெனசிங், த்ரெட்டனிங், ஆமினஸ் எல்லாம் இதேதானே?

பக்கத்து வீட்டுக்காரர்கள், ஆனால் ஒரே குடும்பம் இல்லை.

பல்லைக் காட்டி உறுமிக்கொண்டு ஓரடி முன்னால் வைக்கும் நாய் மெனசிங். மிரட்டல் அதன் உடம்பிலேயே தெரிகிறது. 'பணம் வராவிட்டால் நடப்பதற்கு நான் பொறுப்பில்லை' என்று வரும் கடிதம் த்ரெட்டனிங். ஆமினஸ் என்பது 'ஓமன்' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஓமன் என்றால் சகுனம். கடல் திடீரென்று உள்வாங்கினால் அது ஆமினஸ். பெரிய ஆபத்தின் அறிகுறி அது, ஆனால் கடலுக்கு நம்மீது எந்தப் பகையும் இல்லை.

இங்கேதான் கோடு விழுகிறது. ஆமினஸுக்குப் பின்னால் ஆள் வேண்டியதில்லை, சினிஸ்டருக்குப் பின்னால் ஒரு மனம் வேண்டும். சரி, பாழடைந்த வீட்டையும் இரவின் அமைதியையும் ஓர் இசைத் துணுக்கையும் சினிஸ்டர் என்கிறார்களே, அவற்றுக்கு ஏது மனம் என்று கேட்பீர்கள். இல்லைதான். இருப்பதுபோல் தோன்ற வைப்பதற்காகவே எழுதுகிறவர் அந்தச் சொல்லைப் போடுகிறார். வீடு நம்மைக் கவனிக்கிறது, அமைதி எதற்கோ காத்திருக்கிறது என்ற எண்ணம் வாசகருக்கு வர வேண்டும் என்பதுதான் நோக்கம்.

உச்சரிப்பும் எழுத்தும்?

முதல் அசையை அழுத்திச் சொல்லுங்கள்: 'ஸி'-னிஸ்-டர். தொடக்கத்தில் இருப்பது 'ஸ', 'ச' இல்லை. பழைய ஆங்கிலக் கவிதைகளில் நடு அசையை அழுத்தியதும் உண்டு, இன்று அப்படிச் சொன்னால் விசித்திரமாக இருக்கும். எழுத்து நினைவில் நிற்க, 'மினிஸ்டர்' என்று எழுதி எம்-ஐ எடுத்துவிட்டு எஸ் போடுங்கள். மற்ற எல்லா எழுத்தும் அதேதான்.

வாக்கியத்தில் எப்படி வரும்?

பெயருக்கு முன்னும் வரும், 'இஸ்', 'லுக்ஸ்', 'சவுண்ட்ஸ்' போன்ற வினைகளுக்குப் பின்னும் வரும். ஒப்பிடும்போது 'மோர் சினிஸ்டர்' என்பதே சரி. வினையடையாக 'சினிஸ்டர்லி' இருக்கிறது, ஆனால் எழுத்தில்கூட அதிகம் பார்க்க முடியாது.

சில சொற்களோடு இது அடிக்கடி கூட்டு சேரும். 'சினிஸ்டர் மோட்டிவ்' என்றால் கெட்ட உள்நோக்கம். 'சினிஸ்டர் பிளாட்' என்றால் சதி. 'சினிஸ்டர் ஸ்மைல்' என்பது கபடச் சிரிப்பு, பேச்சில் சொன்னால் வில்லன் சிரிப்பு. ஒரு விவகாரம் 'டுக் எ சினிஸ்டர் டர்ன்' என்றால் சாதாரணமாகத் தொடங்கியது வேறு மாதிரிப் போக ஆரம்பித்துவிட்டது என்று பொருள்.

இந்திய ஆங்கில நாளிதழ்களுக்கு மிகவும் பிடித்த தொடர் 'சினிஸ்டர் டிசைன்ஸ்'. அரசியல் அறிக்கைகளிலும் எல்லைப் பிரச்சினைச் செய்திகளிலும் கட்டாயம் தலைகாட்டும். இங்கே டிசைன் என்பது வடிவமைப்பு இல்லை, சதித்திட்டம். என் மாணவர் ஒருவர் இதை 'தீய வடிவமைப்புகள்' என்று மொழிபெயர்த்துக் கொண்டுவந்தார். நல்ல பையன், அகராதியை நம்பினான். 'நாசவேலைத் திட்டம்', 'சதி வேலை' என்று எழுதினால் தமிழ் வாசகருக்கு உடனே புரியும்.

செய்தியில் 'நத்திங் சினிஸ்டர்' என்று வருகிறதே?

சொல்லை மறுத்துச் சொல்வதும் ஒரு முக்கியமான பயன்பாடு. ஒருவர் வீட்டில் இறந்து கிடக்கிறார், காவல்துறை வந்து பார்த்துவிட்டு 'நத்திங் சினிஸ்டர்' என்கிறது. சந்தேகப்படும்படி எதுவும் இல்லை, இயற்கை மரணம்தான் என்று பொருள். அலுவலகத்திலும் சொல்வார்கள். மேலாளர் திடீரென்று உங்களை அறைக்குக் கூப்பிடுகிறார், உங்கள் முகம் மாறுவதைப் பார்த்து 'நத்திங் சினிஸ்டர்' என்கிறார். 'பயப்படாதீங்க, சும்மாதான் கூப்பிட்டேன்' என்பதுதான் அதற்குத் தமிழ்.

இந்தச் சொல்லுக்கும் இடது கைக்கும் என்ன தொடர்பு?

நான் மிகவும் விரும்பிப் பதில் சொல்லும் கேள்வி இது. என்னை வருத்தும் கேள்வியும் இதுவே, ஏனென்றால் நான் இடதுகைக்காரன்.

லத்தீன் மொழியில் 'சினிஸ்டர்' என்றால் இடது. அவ்வளவுதான், இடப்பக்கம். பிறகு இடது என்பது கெட்ட சகுனம் ஆயிற்று, கெட்ட சகுனம் கெடுதல் ஆயிற்று, பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது இடது என்ற பொருள் பின்னால் போய் தீமை முன்னால் வந்துவிட்டது.

வலதுக்கு லத்தீனில் 'டெக்ஸ்டர்'. அதற்கு நேர்ந்ததைப் பாருங்கள். அதிலிருந்து 'டெக்ஸ்டெரிட்டி', அதாவது கைத்திறன். இரு கையாலும் வேலை செய்கிறவர் 'ஆம்பிடெக்ஸ்ட்ரஸ்', சொல்லுக்குச் சொல் பிரித்தால் 'இரண்டும் வலது கை'. இடது கை திறமையாக இருந்தாலும் அதற்குப் பெயர் வலது கைதான். பிரெஞ்சில் இடதைக் குறிக்கும் 'கோஷ்' ஆங்கிலத்துக்கு வந்து 'நாசூக்கு தெரியாத' என்று ஆகிவிட்டது. ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லான 'லெஃப்ட்' கூடப் பழைய ஆங்கிலத்தில் பலவீனத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததுதான்.

டெக்ஸ்டரும் சமஸ்கிருத 'தட்சிண'மும் ஒரே வேரில் கிளைத்தவை. தட்சிணம் என்றால் வலதும் ஆகும், தெற்கும் ஆகும். கிழக்கைப் பார்த்து நில்லுங்கள், உங்கள் வலக்கை தெற்கே நீளும்.

ரோமானியர்கள் எப்போதுமே இடதைக் கெட்டது என்றுதான் நினைத்தார்களா?

இல்லை, பலருக்கும் ஆச்சரியம் தரும் செய்தி இது. ரோமானியர்களின் பழைய சகுன முறையில் இடப்பக்கம்தான் நல்லது. சகுனம் பார்க்கும் குருக்கள் தெற்கு நோக்கி அமர்ந்தால் சூரியன் உதிக்கும் கிழக்கு அவருக்கு இடப்பக்கம் வரும். கிரேக்கர்கள் வடக்கு நோக்கிப் பார்த்தார்கள், அவர்களுக்குக் கிழக்கு வலப்பக்கம். எனவே அவர்களுக்கு வலது நல்லது. 'நமக்கு இடது நல்லதாகப் படுகிறது, கிரேக்கருக்கு வலது' என்று ரோமானிய எழுத்தாளர் சிசரோவே எழுதியிருக்கிறார். அவரும் சகுனம் பார்க்கும் குழுவில் பதவி வகித்தவர்தான். பின்னாளில் கிரேக்க வழக்கம் ரோமில் ஓங்க, சினிஸ்டரின் தலையெழுத்து மாறியது. அந்தக் குருக்கள் அமர்ந்த திசையை நினைத்தால் எனக்கு இன்றும் மனது ஒரு மாதிரி ஆகும்.

கிரேக்கர்கள் இடதின் பெயரைச் சொல்லவே தயங்கினார்கள். 'நல்ல பெயருடையது' என்று பொருள்படும் சொல்லால் அதைக் குறித்தார்கள். நாம் நாகத்தை நல்லபாம்பு என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் இதே மனநிலைதான். இலக்கணத்தில் மங்கல வழக்கு என்று படித்திருப்பீர்கள்.

தமிழிலும் இடது என்றால் கெட்டதுதானே?

பாதி உண்மை. வலம் என்ற சொல்லுக்கு வலிமை, வெற்றி என்றும் பொருள் உண்டு. கோயிலை வலம் வருகிறோம். பேச்சில் வலது கை சோத்தாங்கை, இடது கை பீச்சாங்கை. அந்தப் பெயர் ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. இன்றும் கடையில் நான் மறந்துபோய் இடது கையால் நோட்டை நீட்டினால், வயதான கடைக்காரர்கள் சிலர் கை நீட்டாமல் அப்படியே நிற்பார்கள். நான் கையை மாற்றிய பிறகுதான் வாங்குவார்கள்.

ஆனால் மறுபாதியும் இருக்கிறது. அர்த்தநாரியின் இடப்பாகம் அம்மை. பெண்களுக்கு இடக்கண் துடித்தால் நல்லது என்பது நெடுங்கால நம்பிக்கை. சிலப்பதிகாரத்தில் இந்திர விழா நாளில் கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடிக்கின்றன. பிரிந்த கணவன் திரும்பி வரப்போகிறான் என்பதற்கு கண்ணகியின் இடக்கண்தான் அறிகுறி. அதனால் தமிழில் 'இடது' என்ற சொல் தீமை என்ற பொருளுக்குள் விழவே இல்லை. 'இடது சிரிப்பு' என்று நம்மில் யாரும் சொல்வதில்லை.

அப்புறம், சினிஸ்டருக்குத் தமிழில் நெருங்கி வரும் 'விபரீதம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். சமஸ்கிருதத்தில் அதன் மூலப் பொருள் தலைகீழ், நேர்மாறு. அது இடது கையைத் தொடாமலே அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

கண்ணாடிச் சீட்டில் 'ஓ.எஸ்.' என்று இருக்கிறதே, அதிலும் இந்தச் சொல்லா?

ஆமாம். அம்மாவின் கண் பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். இரண்டு வரிசைகள். மேல் வரிசையில் ஓ.டி., கீழே ஓ.எஸ். 'ஆக்குலஸ் டெக்ஸ்டர்' வலக்கண், 'ஆக்குலஸ் சினிஸ்டர்' இடக்கண். ஆக்குலஸ் என்றால் லத்தீனில் கண். இரு கண்ணுக்கும் சேர்த்து எழுத ஓ.யூ. என்று போடுவார்கள். இப்போது பல இடங்களில் ஆர்.இ., எல்.இ. என்று எளிமையாகவே எழுதுகிறார்கள். மருத்துவத்தில் இந்தச் சொல் இன்னும் தன் பழைய, குற்றமற்ற பொருளோடு வாழ்கிறது. அம்மாவின் இடக்கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்பதைத் தவிர அந்த வரிசையில் பயப்பட எதுவும் இல்லை.

வலம்புரிச் சங்கை உயிரியலில் 'சினிஸ்ட்ரல்' என்கிறார்களாமே? எப்படி?

உண்மைதான். நம் ஊரில் இதைவிட அழகான முரண் எனக்குத் தெரிந்து இல்லை. மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் சங்கின் அறிவியல் பெயர் டர்பினெல்லா பைரம். அதில் பெரும்பாலானவை இடம்புரி. வலம்புரி மிக அரிது, அதனால்தான் அதற்கு அத்தனை மதிப்பு, அத்தனை பூசை.

உயிரியலாளர்கள் சங்கைப் பிடிக்கும் விதம் வேறு. சுருள் கூம்பிய உச்சியை மேலே வைத்து, வாய் தங்களைப் பார்க்கும்படி பிடிப்பார்கள். வாய் வலப்பக்கம் இருந்தால் டெக்ஸ்ட்ரல், இடப்பக்கம் இருந்தால் சினிஸ்ட்ரல். ஒரு வலம்புரியை அப்படிப் பிடித்துப் பாருங்கள், வாய் இடப்பக்கம் இருக்கும். இப்போது உச்சி கீழே வரும்படி தலைகீழாகத் திருப்புங்கள். வாய் வலப்பக்கம் வந்துவிடும், நம் முன்னோர் பார்த்தது இந்தப் பக்கம். சங்கு அதேதான், பிடிக்கிற கைதான் வேறு. செல்வம் தரும் என்று நாம் பூசை அறையில் வைக்கும் பொருளுக்கு அறிவியல் கொடுத்த பெயரில் இந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறது. சினிஸ்ட்ரல் என்றால் இடப்பக்கமானது என்று மட்டும்தான் பொருள், தீமை அதில் சேராது.

ஆங்கில நாவல்களில் 'பெண்ட் சினிஸ்டர்' என்று வருகிறதே?

ஐரோப்பியப் பிரபுக் குடும்பங்களின் கேடயச் சின்னத்தில் குறுக்காக இழுத்த ஒரு பட்டை அது. இடது, வலது என்பதெல்லாம் கேடயத்தைப் பிடித்திருப்பவரின் கணக்கு. எனவே நாம் எதிரில் நின்று பார்க்கும்போது அந்தப் பட்டை வலது மேல் மூலையிலிருந்து இடது கீழ் மூலைக்கு இறங்கும். திருமணத்துக்கு வெளியே பிறந்த வாரிசின் அடையாளம் என்று மக்கள் வழக்கில் பெயர் பெற்றது.

இடதுசாரிகளைக் குறிக்கவும் பயன்படுமா?

ஆங்கிலத்தில் இல்லை. இத்தாலிய மொழியில் 'சினிஸ்ட்ரா' என்றால் இடது, அரசியல் இடதுசாரிகளையும் அப்படித்தான் சொல்வார்கள். அங்கே அது சாதாரணச் சொல், வசை இல்லை. பிரெஞ்சில் 'சினிஸ்த்ர்' என்ற பெயர்ச்சொல் தீ, வெள்ளம் போன்ற பேரிழப்பைக் குறிக்கும், காப்பீட்டுத் தாள்களில் வரும்.

ஒரு மனிதரை சினிஸ்டர் என்று சொல்லலாமா?

இலக்கணம் அனுமதிக்கிறது. ஆனால் யோசித்துச் சொல்லுங்கள் என்பேன். ஒருவரைக் கோபக்காரர் என்றால் நீங்கள் பார்த்ததைச் சொல்கிறீர்கள். சினிஸ்டர் என்றால் நீங்கள் பார்க்காத ஒன்றை, அவர் மனதுக்குள் இருப்பதை, கெட்டது என்று சொல்கிறீர்கள். சாட்சி இல்லாத குற்றச்சாட்டு அது. பழைய துப்பறியும் கதைகளில் முகத்தில் தழும்பு உள்ளவர், கூன் விழுந்தவர், வேற்று நாட்டவர் எல்லாம் இந்தச் சொல்லைச் சுமந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட வரிகளை மொழிபெயர்க்கும்போது எனக்குக் கை கூசும். உங்கள் சொந்த எழுத்தில் ஒருவரின் செயலுக்கோ, திட்டத்துக்கோ, சிரிப்புக்கோ இந்த அடைமொழியைக் கொடுங்கள், அவர் தோற்றத்துக்குக் கொடுக்க வேண்டாம்.

கதையில் வந்தால் எப்படித் தமிழாக்குவது? ஒரே சொல் கிடையாதா?

ஒரே சொல் கிடையாது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். வஞ்சகமான, கபடமான, விபரீதமான, தீய உள்நோக்கம் கொண்ட என்று இடத்துக்கு ஏற்ப எடுக்கலாம். ஆனால் தமிழில் பல நேரம் அடைமொழியைவிட வினைதான் வேலை செய்யும்.

வகுப்பில் நான் கொடுக்கும் பயிற்சி வாக்கியம் இது: 'தேர் வாஸ் சம்திங் சினிஸ்டர் அபவுட் ஹிஸ் பொலைட்னஸ்.' முதல் முயற்சி பெரும்பாலும் 'அவருடைய பணிவில் ஏதோ தீமை இருந்தது' என்று வரும். பொருள் வந்துவிட்டது, உயிர் வரவில்லை. 'அவருடைய பணிவில் ஏதோ விபரீதம் தெரிந்தது' என்றால் பரவாயில்லை. சென்ற ஆண்டு ஒரு மாணவி எழுதியது: 'அவர் அவ்வளவு பணிவாகப் பேசியதுதான் வயிற்றைக் கலக்கியது.' சினிஸ்டர் என்பதற்கு நேரான சொல் அதில் எங்கும் இல்லை, ஆனால் முழு வாக்கியமும் சினிஸ்டர். அதைக் கரும்பலகையில் எழுதி ஒரு வாரம் அழிக்காமல் வைத்திருந்தேன்.

என் குழந்தை இடது கையால் எழுதுகிறது. இந்தச் சொல்லின் கதையை அவளிடம் சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லுங்கள். ஆங்கிலம் பேசுகிற யாரும் இன்று இந்தச் சொல்லைக் கேட்டு இடது கையை நினைப்பதில்லை, இடதுகைக்காரரை யாரும் சினிஸ்டர் என்று அழைப்பதும் இல்லை. ஆகஸ்ட் 13 இடதுகைக்காரர்களுக்கான உலக நாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மூன்றாம் வகுப்பில் ஓர் ஆசிரியர் ஸ்கேலைக் குத்தாக நிறுத்தி என் இடது கை விரல் முட்டிகளில் அடித்தார். அதற்குப் பிறகு வலது கையால் எழுதப் பழகினேன். இன்றும் எழுதுவது மட்டும் வலது கை. காய் நறுக்குவது, பல் துலக்குவது, பந்து எறிவது எல்லாம் இடது. என் கையெழுத்தை எனக்கே சில நேரம் படிக்க முடியாது. உங்கள் மகளின் கையை யாரும் மாற்ற விடாதீர்கள். பள்ளியில் ஆசிரியரிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: பெஞ்சில் அவளை இடது ஓரத்தில் உட்கார வைக்கட்டும். பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காமல் எழுதுவாள்.